ஆசாரிப்பள்ளத்துக்குப் போன கடல்

காலை மூன்றே கால்.
கடியபட்டணத்து மணல் காலைக் கடிக்கிறது.
சிலுவடிமை, உன் குரல் ராத்திரியே வந்து
என் போனில் படுத்துக் கிடக்கிறது,
ஏழு துண்டாக.
இடது கால் மாவுக்கட்டில் தொங்க
நர்சுக்குத் தெரியாமல்
போர்வைக்குள் பேசியிருக்கிறாய்.

"மழை விட்டு மூணு நாளுதான்.
வள்ளியாத்துத் தண்ணி இன்னும் கலங்கல்.
கலங்கலுக்குள்ள போடாத, தெளிவுலயும் போடாத.
ரெண்டும் உரசுத வரம்பு கெடக்கும்,
அதுல போடு."

கிடந்தது.
டீ நிறத்துக்கும் பச்சைக்கும் நடுவே
நுரையும் தேங்காய்த் தொண்டும்
யாரோ விட்ட ஒற்றைச் செருப்பும் ஒதுங்கிய கோடு.
ததேயுஸ் செருப்பை எடுத்து அளவு பார்த்தான்.
பாரைக்குஞ்சு ஒன்று ஏறியது, விரல் நீளம்.
திரும்ப விட்டோம்.
செருப்பை விடவில்லை.

ரெண்டாம் துண்டில் காற்று.
"வாடை கரையில இருந்து தள்ளும்,
போவும்போது சொகம்.
அந்தச் சொகத்துல மயங்காத மக்கா,
வரும்போது அதையே நெஞ்சுல வாங்கணும்.
எண்ணெய மூணாப் பிரி:
ஒண்ணு போக, ரெண்டு வர."
பன்னிரண்டு வருஷம் ஒரே வள்ளம்,
ஒரே சோற்றுச் சட்டி.
எனக்கா சொல்கிறாய் என்று கோபம் வந்தது.
ஆனாலும் கேனைத் தூக்கி
ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன்.

முட்டம் விளக்கு
வேளிமலையின் இடது தோளில் ஏறும் இடத்தில்
பதினெட்டுப் பாகத்தில் பார் இருக்கிறது என்றாய்.
ததேயுஸின் ஜிபிஎஸ்
இன்னும் கொஞ்சம் மேற்கே என்றது.
உன் கணிச்சத்தை நம்பி நங்கூரம் போட்டேன்.
கல் பாரில் விழவில்லை, சேற்றில் விழுந்தது.
அவன் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

மேற்கே தள்ளிப் போட்டோம்.
"தண்ணி குளுந்தா மீனுக்குச் சோம்பல்.
கொத்தாது, நக்கும்.
தங்கூசு சும்மா கனக்குத மாதிரி இருக்கும்,
நீவாடுன்னு நெனச்சு விட்டுராத."
மூன்று முறை நீவாடென்று நினைத்தேன்.
மூன்று முறை வெறும் கொக்கி.
நான்காவதில் விரலுக்கும் கயிற்றுக்கும் நடுவே
மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு கனம்.
இழுத்தேன்.
விளமீன்! அதன் பின்னால் இன்னொன்று.
கணவாய்த் துண்டு குத்தச் சொன்னாய் நீ,
நான் குத்தியது பச்சைச் சாளை.
இதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா
என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆறாம் துண்டை வள்ளத்தில் வைத்துக் கேட்டோம்.
"காத்தே இல்லாம கரையில அலை பெருத்தா
கள்ளக்கடல்.
முறிவுல வள்ளத்தக் குறுக்கே காட்டாத.
நான் காட்டினேன்."
அதன் பிறகு ஒரு நிமிஷம் எதுவும் இல்லை.
அணைக்க மறந்திருப்பாய்.
ததேயுஸ் போனை வாங்கி
துணியில் சுற்றி வைத்தான்.

பத்து மணிக்குக் கரை.
மூன்று அலையை எண்ணி விட்டு
நான்காவதின் முதுகில் ஏறி வந்தோம்.
ஏலத்தில் லில்லிபாய் மீனை அழுத்திப் பார்த்து,
"குளிர்காலத்து மீன், கண்ணு தெளிவா நிக்கு" என்றாள்.
பிறகு முந்நூறு குறைத்துக் கேட்டாள்.

பங்கு பிரிக்கும்போது
எஞ்சினுக்கு ஒன்று எடுத்து வைத்தேன்,
உனக்கு ஒன்று.
"கெடக்க ஆளுக்குமா?" என்றான் ததேயுஸ்.
கொக்கி அவனுடையது என்றேன்.
கொக்கி என்னுடையதுதான்.

ஏழாம் துண்டை அப்போதுதான் திறந்தேன்.
வார்டு பேன் சுற்றுகிற சத்தம்,
பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுகிறார்கள்.
கடைசியில் நீ, மெதுவாக:
"காத்து எப்படி இருக்கு?
கொஞ்சம் அனுப்பேன்."

சாயங்காலம் வள்ளத்தைச் சும்மா ஒரு சுற்று ஓட்டி
போனை வாடைக்கு எதிரே நீட்டிப் பிடித்தேன்.
ஒரு நிமிஷம் முழுதாக அனுப்பினேன்:
காற்று, அணியத்தில் அடிக்கிற தண்ணீர்,
தூரத்தில் கோயில் மணி.
நீ அழுவாய் என்று நினைத்தேன்.
நீல டிக் விழுந்தது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு உன் பதில்:

"ரெண்டாவது பிளக் அடிக்கல்ல.
கழத்தித் தொட."